சாமியாரை வெளியே வரவைத்தவள்

தெல்தெனியவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று, "ஊர்க்காசச் சுருட்டின அந்த மடத்துச் சாமியாரப் புடிச்சுக் குடுத்ததே நான்தான், அக்கா" என்றாள்.

மற்றவள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். "நீயா? ரெண்டு நாளா பொலிஸ் மடத்தச் சுத்தி நின்னும் முடியலன்னாங்களே?"

"உள்ள இருவது பேரு கதவ அடச்சுக்கிட்டு இருந்தாங்க. எங்க வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர். தன்னக் கும்பிட்டவங்க மேல குண்டு பாயாதுன்னு சாமியார் சொல்லிட்டாரு. இவரு அத நம்பி வாசக்கதவுகிட்டயே நின்னாரு. பொலிஸ் சுட்டா மொதக் குண்டு இவருக்குத்தான்."

"அப்பறம்?"

"இன்ஸ்பெக்டர் ஐயாகிட்டக் கெஞ்சி, பொலிஸ்காரங்க எல்லாரையும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால ஒளிய வச்சேன். பொறகு, 'சாமி, உங்களுக்குப் பயந்து பொலிஸ் ஓடிருச்சு'ன்னு கத்தினேன். ஆசீர்வாதம் பண்ண மாலையோட வெளிய வந்தாரு. புடிச்சுட்டாங்க."

அக்கா பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு, "வீட்டுக்காரரு என்னா சொன்னாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாலு நாளா எங்கூடப் பேசுறதில்ல. பேசாட்டி என்னா, அக்கா? நேத்து பேசாமலே ரெண்டாந்தரம் சோத்துக்குத் தட்ட நீட்டினாரு."