பெத்த வயிறுன்னு ஒரு வரி

இல்ல தம்பி, மெட்டுல ஒன்னும் தப்பில்ல. அந்த ஒரு வரிதான் எனக்கு வாயில வர்ல. ரெக்கார்டிங் மிஷின நிறுத்திட்டு கொஞ்சம் கேளு.

அன்புசெல்வன நீ பாத்ததில்ல. கும்மிடிப்பூண்டி கம்பெனிங்கள்ல கான்ட்ராக்ட்ல கெடந்த எங்களையெல்லாம் ஒன்னு சேத்து, கட்சில தலைவராகி, எலெக்‌ஷன்ல நின்னவரு. நான் பேக்கிங்ல வேல. மாதா கோயிலுக்குப் பாட்டு கட்றவ நான்னு கேள்விப்பட்டு, கூட்டத்துக்கும் நீதான் கட்டணும் ரோசக்கான்னு ஊடு தேடி வந்தாரு. அப்டியாப்பட்ட மனுசன பட்டப்பகல்ல, டீக்கட வாசல்ல வெட்டிப் போட்டானுங்க.

வருசம் திரும்புதுல்ல, நெனவுநாளுக்குப் பாட்டு வேணும்னு அவரு சம்சாரம் கிரேஸே வந்துச்சு. வேற யாரையாவது பாரும்மான்னேன். உக்காரக்கூட இல்ல அது. அவருக்கு உன் பாட்டுதான் புடிக்கும், நீயே கட்டி நீயே பாடுக்கான்னுச்சு. அடுப்பாண்ட நின்னுக்கினு கட்னேன், பஸ்ல போய்க்கினு கட்னேன். அவரு நட, தொண்ட கம்மிப்போயும் உடாம பேசற பேச்சு, எல்லாம் தானா வந்து உழுந்துச்சு.

கடைசி சரணம் என்னுது இல்ல. கட்சில எழுதிக் குடுத்தது. கொன்னவன பெத்த வயிறு பத்தி எரியட்டும்னு. நான் பாடறதே அங்க பாதிப்பேருக்குப் புடிக்கல, கிரேஸ் சொல்லிடுச்சேன்னு கம்முனு கீறாங்க. வரிய மாத்துங்கன்னு செயலாளர் துளசிராமன்கிட்ட கேட்டேன். ஜனங்களுக்கு ஆத்திரம் ஆற வேணாமான்னாரு, என் மூஞ்சியப் பாக்காம. அவரு சொல்றதும் நாயந்தான். எனக்கே ஆறல.

கிரேஸ்கிட்ட கேக்காம இருப்பனா? போய் அந்த வரியப் பாடியே காட்னேன். வேணாம்னு சொல்லும்னு நெனச்சேன். கேட்டுக்கினே நின்னுச்சு. என் தோள்ல கைய வச்சுட்டு உள்ள போய்டுச்சு. அது பாடுன்னு அர்த்தமா, பாடாதன்னு அர்த்தமா, எனக்கு வெளங்கவே இல்ல.

சரி, போடு. பாடிடறேன். ஒரே வாட்டிதான். சீக்கிரம் உட்டுடுப்பா, புழல் ஜெயிலுக்குப் போவணும், இன்னிக்கு எம்புள்ள எட்வர்ட பாக்க மனு போட்டுக்கீறேன். வெட்னவனுங்கள வண்டில இட்டாந்தவன் அவன்தான். அது தெரிஞ்சுதான் கிரேஸ் என் ஊட்டுக்கு வந்துச்சு.