சொல்லாமல் விட்ட காடு

எனக்குச் சளியே பிடிக்காது, ஐயா. ஐஸ் தொட மாட்டேன், ஈரத்தலையோடு நிற்க மாட்டேன், காலையில் எழுந்ததும் நாலு மிளகை வாயில் போட்டுக்கொள்வேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த கலர் சோடாவை வேண்டாமென்றது அதனால்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தொண்டையை வைத்துத்தான் எனக்கு ஊரில் மரியாதை.

என் பெயர் ஆறுமுகசாமி. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மைக்கில் பேசுகிறவன். சம்பளம் கிடையாது, நானாக ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட வேலை. ரேஷனில் பருப்பு வந்தால் நான் சொல்வேன். குடிதண்ணீர் திறந்துவிட்டால் நான் சொல்வேன். எழவுச் செய்திகூட என் வாயிலிருந்து வந்தால்தான் ஊர் நம்பும். ஒருமுறை ராதாமணியின் ஆட்டைக் காணோம் என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தேன். அந்த ஆடு கோயிலுக்குப் பின்னால் நின்று என் மைக் வயரை மென்றுகொண்டிருந்தது. "மேற்படி ஆடு இங்கனதான் நிக்குது, வந்து பிடிச்சிட்டுப் போங்க" என்று அதையும் மைக்கிலேயே சொன்னேன். ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு குலுங்குகிறது.

ஆனால் முக்கியமான வேலை சாயங்கால அறிவிப்பு. எங்கள் கரிசல் காடுகளில் இப்போது எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம்தான். கதிர் பால் பிடித்ததோ இல்லையோ, காட்டுப்பன்றி குடும்பத்தோடு விருந்துக்கு வந்துவிடும். தின்பது கொஞ்சம், சாய்த்துவிட்டுப் போவது நிறைய. அதனால் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் வேலியில் கரண்ட் விடுகிறார்கள். அது சட்டப்படி தப்பு என்று அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆள் யாரும் மாட்டிவிடக் கூடாதே என்று ஊர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. கரண்ட் விடப்போகிறவர் பொழுது சாய்வதற்குள் என்னிடம் வந்து சொல்லிவிட வேண்டும். இன்று இன்னார் காட்டில் கரண்ட், விடியும்வரை யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று நான் மைக்கில் சொல்வேன். பேர் சொல்லாத காட்டில் குழந்தைகூட நடக்கலாம். சுற்றுவட்டாரத்தில் கரண்டுக்குச் செத்தவர்கள் உண்டு. எங்கள் ஊரில் ஒரு நாய்கூடச் செத்ததில்லை. அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

இப்படி இருக்கையில் என் அக்கா மகன் பாண்டியராஜன் கோயம்புத்தூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக ஊருக்கு வந்தான். தங்கமான பையன். வந்த கையோடு ஊருக்கு ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கினான். மைக் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியவில்லை, தை பிறந்ததும் அறிவிப்பெல்லாம் குரூப்பில் வரட்டும், மைக்கைக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம் என்று கூட்டத்தில் பேசினான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"மாமா, இனி எல்லாம் போன்லயே வந்துரும். நீங்க ஏன் தொண்டையப் புண்ணாக்கிட்டுக் கெடக்கணும்? நிம்மதியா இருங்க" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

போனுக்குச் சார்ஜ் தீரும், காதுக்குத் தீராது என்று நான் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. மைக் போய்விட்டால் நான் யார்? கோயில் வாசலில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற கிழவன். இதை நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது.

எனக்காகப் பேசியது ஒரே ஆள்தான், செல்வமாரி. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற பிள்ளை. மெயின் ரோட்டில் ஊர் விலக்கில் ஆபீஸ் வேன் வரும். ரோட்டு வழியாகப் போனால் சுற்று என்று, விடிகாலைக் கருக்கலிலேயே கிளம்பி சங்கிலிப்பாண்டி காட்டு வரப்பில் குறுக்கே நடந்துவிடுவாள். அந்தக் காட்டில் கரண்ட் என்று நான் சொன்னால் மட்டும் அடுத்த நாள் ரோட்டு வழியாகப் போவாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, எங்கிட்ட இருக்கது பட்டன் போனு. நீங்க சொல்லுததக் கேட்டுத்தான் எந்த வழியா போகணும்னு நான் முடிவு பண்ணுதேன். மைக்க நிப்பாட்ட விட்டுராதீங்க" என்றாள்.

விட மாட்டேன் என்று சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விட்டேன்.

வாயால் சொல்லிப் புரியாதவர்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மைக் ஒரு சாயங்காலம் வாயை மூடினால் என்ன ஆகும் என்று ஊர் பார்க்கட்டும். அன்றைக்கு மூன்று பேர் வந்து பேர் கொடுத்தார்கள். கடைசியாக வந்தவர் சங்கிலிப்பாண்டி. "நம்ம காட்டுலயும் இன்னைக்கு விடுதேன் அண்ணாச்சி, சொல்லிருங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். அவர் ஒரு சோலியாகக் கயத்தாறுக்குப் பைக்கில் கிளம்பிவிட்டார், ராத்திரி திரும்பி வந்துதான் கரண்ட் விடுவார். நான் மைக்கைப் போட்டு, ரேஷன் செய்தியைச் சொன்னேன், மற்ற இரண்டு பேர் காட்டைச் சொன்னேன், நன்றி சொன்னேன், நிறுத்திவிட்டேன். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

விடிந்தபோது விலக்கில் ஆபீஸ் வேன் ரொம்ப நேரம் ஹாரன் அடித்தது. பிறகு போய்விட்டது. செல்வமாரியை வரப்பில் பார்த்ததாக ஆள் ஓடி வந்து சொன்னபோது நான் மிளகை மென்றுகொண்டிருந்தேன்.

அவள் எழவையும் நான்தான் சொன்னேன். ஒரு இடத்தில் குரல் அடைத்தது, அது நடிப்பில்லை. கோயில் பக்கம் வந்தால் நின்று ரெண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டாள். ஊரே திரண்டு வந்தது. பாண்டியராஜன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். கருமாதிக்கு முன்பே கூட்டம் போட்டு, ஒரு சாயங்காலம் மைக்கில் ஒரு பேர் கேட்காமல் போனதற்கே ஒரு உயிர் போய்விட்டது, இனி எந்தக் காலத்திலும் மைக்கை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தார்கள். அவள் புருஷன் திருப்பதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி, மைக்கு மெசினு சதி பண்ணிட்டு" என்று அழுதான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது, ஐயா. இப்படிப்பட்ட சனங்களை விட்டு எங்கே போவது?

அங்கேதான் ஒரு சிக்கல். நான் எல்லாக் காட்டையும் சொல்லியிருப்பேன், மைக் நடுவில் கட்டாகியிருக்கும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். சங்கிலிப்பாண்டியும் என்னிடம் சொன்னதாகத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பழி முழுவதும் கோவில்பட்டியில் ரேடியோ கடை வைத்திருக்கிற அபுதாஹிர் தலையில் விழுந்தது. எங்கள் மைக் செட்டை அவர்தான் பழுது பார்த்துக் கொடுப்பார். நேற்று தேடி வந்துவிட்டார்.

"போன மாசம்தான அண்ணாச்சி கழட்டிப் பாத்துக் குடுத்தேன். ஒரு உசுரு போனதுக்கு நாந்தான் காரணம்னு ஒங்க ஊர்ல பேசுதாவ. கடைக்கு ஒரு ஆளு வரல" என்றார். கண்ணில் தண்ணீர்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு நல்ல தொழிலாளியின் பேர் கெடுவதை நான் எப்படிப் பொறுப்பேன்? முதல் பஸ்ஸைப் பிடித்து போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டேன். அபுதாஹிர் வேலையில் ஒரு குறையும் இல்லை. நியாயம் நியாயம்தான்.

செல்வமாரி மேல் ஏதாவது கோபமா என்று கேட்கிறீர்கள். துளிகூடக் கிடையாது. அவள் பிள்ளையின் படிப்புச் செலவை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மைக்கில் பேசியதே நான்தான். ஒரு ஆடோ நாயோ மாட்டினால் போதாதா என்றீர்கள். ஆடு செத்தால் அன்றைக்குக் கறி போடுவார்கள், அடுத்த நாள் மறந்துவிடுவார்கள்.

மூன்று காடு இருக்க, அந்தக் காட்டை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டாய் என்று கேட்டீர்கள் அல்லவா? மற்ற இரண்டு காட்டுப் பக்கம் அந்த நேரத்தில் ஆள் போக மாட்டார்கள், ஐயா.