வாதுமைச் சருகு

மாசி பிறந்தால் எங்கள் வாசலில் தரை தெரியாது, ஐயா. இரண்டு வாதுமை மரங்கள். ஒவ்வொரு இலையும் சோறு போட்டுச் சாப்பிடும் அகலம். காலையில் பெருக்கி நிமிர்ந்தால் சாயங்காலம் மறுபடி உதிர்ந்து கிடக்கும்.

நீங்கள் ஸ்டேஷனிலிருந்து பூவம்மாளைத் தேடி வந்திருக்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் சருகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இந்த இடம் முன்பு தோல் பதனிடும் ஷாப்பு. ஷபீ அஹமது சாயபு ஷாப்பைப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுபோன பிறகு இங்கே இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டார். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரர் ரத்தினசாமியும். மற்றதில் வேலுவும் அவன் பெண்சாதி பூவம்மாளும். நடுவில் ஒரே வாசல். தோல் ஊறவைத்த சுண்ணாம்புக் குழி ஒன்று என் பக்கத்து மூலையில் தூர்க்காமல் நின்றுவிட்டது. இரண்டு ஆள் ஆழம். சருகையெல்லாம் அதில்தான் தள்ளுவோம். மக்கியதும் சாயபுவின் வண்டி வந்து எருவுக்கு அள்ளிப்போகும். அதன்பின் குழிமேல் பலகை போட்டு வைப்போம்.

பூவம்மாள் நல்லவள். நான் மறுக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கஞ்சியோடு நின்றிருக்கலாம். என் பக்கத்து வாசலையும் பெருக்கிவிட்டாள்.

அவள் பெருக்குவது தனி விதம். பின்பக்கமாக நடந்துகொண்டே பெருக்குவாள், விளக்குமாற்றுக் கோட்டின்மேல் தன் காலடி விழக்கூடாது என்று. முடித்தால் வாசல் சீவிய தலை மாதிரி இருக்கும். வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா அழகு பாரு சவுரி. கால் வைக்கவே மனசு வரல. நீயும்தான் பெருக்குற, கோழி கீறுன மாதிரி."

கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வாசலைப் பெருக்கியிருக்கிறேன். அவர் ஒருநாளும் நின்றதில்லை.

காய்ச்சல் விட்ட பிறகும் அவள் விடவில்லை. "முட்டி வலின்னீங்களே அக்கா, குந்துங்க. எனக்கு இன்னா, நாலு இழுப்பு ஜாஸ்தி, அவ்ளோதானே" என்பாள். என் பங்கை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ தரம் சொன்னேன். சிரிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் சாமியார் பிரசங்கத்தில், பக்கத்து வீட்டு வாசலையும் பெருக்குகிறவர்களைக் கடவுளுக்குப் பிடிக்கும் என்றார். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் கோயிலுக்கே வராத ஒருத்திக்காக என் கோயிலில் நான் தலைகுனிந்தேன்.

சாயபுவின் வண்டி வந்து குழியைக் காலி செய்தது. மறுநாள் பலகைகளை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். ஈரமாக இருந்தன, காய வேண்டாமா. திறந்து கிடந்தால் பார்க்க நன்றாக இல்லையே என்று குழிமேல் ஒரு கிழிந்த பாயை விரித்தேன். பிறகு என் பக்கத்தைப் பெருக்காமல் விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. மிச்சத்தை மரங்கள் செய்தன. பாய் மறையும்வரை உதிர்ந்ததும், முட்டியை மடக்க முடியவில்லை என்று பூவம்மாளிடம் சொன்னேன். பொய் இல்லை. கொஞ்சம் வலித்தது.

ஆண்கள் வேலைக்குப் போனபின் அவள் விளக்குமாற்றோடு வந்தாள். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சர் சர் என்ற சத்தம் மூலைப்பக்கம் போனது. பிறகு நின்றது.

"அக்கா" என்றாள். அலறவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. "அக்கா, கால் மடங்கிக்கிச்சு. யாரையாவது கூப்புடுங்க."

புடைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். சேற்றில் இடுப்புவரை புதைந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது.

"பலகைய எடுத்துட்டீங்களா அக்கா? நல்லவேளை நான் வுழுந்தேன். முட்டி வலியோட நீங்க வுழுந்திருந்தா இன்னா ஆவறது?"

அந்த நிலையிலும் அவள்தான் நல்லவளாக இருந்தாள்.

வாசல் முழுக்கச் சருகு கிடந்தது. சருகு போக வேண்டிய இடம் குழிதான். விளக்குமாற்றை எடுத்தேன். குழி நிறையும்வரை தள்ளினேன். பலகைகளைப் போட்டு, மேலே கல்லுரலை உருட்டி வைத்தேன். சத்தம் அடங்கும்வரை அவளுக்காக ஜெபமாலை சொன்னேன். பிறகு மிச்ச வாசலைப் பெருக்கினேன், பின்பக்கமாக நடந்து, ஒரு காலடியும் விழாமல்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். உண்மையாகவே நின்றார், ஐயா.

பூவம்மாள் கோபித்துக்கொண்டு திருப்பத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று வேலு முதலில் நினைத்தான். அங்கேயும் இல்லை என்றதும் ஊர் கண்டபடி பேசியது. என் வீட்டுக்காரர் மட்டும் அவளை விட்டுக்கொடுக்கவில்லை. "போற அன்னிக்கும் எப்டிப் பெருக்கி வச்சிட்டுப் போயிருக்கா பாரு. அவ மனசு யாருக்கு வரும்?" என்று தினமும் சொல்கிறார். என்னால் கேட்க முடியவில்லை.

கல்லுரலை நகர்த்திப் பாருங்கள், அவள் அங்கேதான் இருக்கிறாள். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். அதற்கு முன் அவரைக் கூப்பிட்டு ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள், ஐயா.

அன்று அந்த வாசலைப் பெருக்கியது நான்.