ஹேசல்டனை அழித்த நத்தை

தப்பு சார், தப்பு! சுத்தத் தப்பு! இந்தத் தெருவுல யாரும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லன்னா, நான் இவங்க வீட்டையெல்லாம் என் நாவல்ல இடிச்சதுனாலதான்னு ஹேசல்டன் ஊரே நெனைக்குது. உங்க காதுலயும் யாராவது போட்டிருப்பாங்க. பூமி உருண்டைங்கிறதுக்கு அடுத்தபடியா இங்கே எல்லாரும் நம்புற விஷயம் அதுதான். முன்னது சரி. பின்னது தப்பு.

நீங்க வெட்டுங்க, வெட்டுங்க. வேலிச் செடியை வெட்டிக்கிட்டே கேளுங்க. நேத்துதானே குடிவந்தீங்க? மிஸ்டர் பெண்டில்? நான் ஆம்புரோஸ் டில்காட். நாவலாசிரியன். அதாவது வாராவாரம் பத்திரிகையில உலகத்தை அழிக்கிறவன். அழிச்ச கையோட வந்து ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துவேன்.

நெஜமான காரணம் என்ன தெரியுமா? இடிக்காம விட்டதுதான்! வால்நட்சத்திரத்துலேருந்து ஒரு நத்தை விழுது சார், கோயில் கோபுரம் ஒசரத்துக்கு. ஏன் நத்தைன்னு மட்டும் கேக்காதீங்க... சரி, கேட்டுட்டீங்க. மெதுவாப் போகும். மெதுவாப் போனா நெறைய வாரம் ஓடும். என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

அது மொதல்ல கசாப்புக்காரர் ஸ்குவயர்ஸ் கடை மேல ஏறுச்சு. மனுஷன் கோவிச்சுக்கலியே! 'நத்தை ஏறிய கடை இதுதான்'னு பலகை மாட்டிட்டாரு. சனிக்கிழமையானா லண்டன்லேருந்து சைக்கிள்ல வந்து சாசேஜ் வாங்கிட்டுப் போறாங்க. ஆனா எதுத்தாப்புல மெதடிஸ்ட் சபை இருக்கே, அந்தப் போதகர்... ஊர்ப் பெரிய சர்ச்சுக்கு ஒரு முழு அத்தியாயம், எங்களுக்கு ஒரு ஜன்னல் கண்ணாடி மட்டும்தானான்னு ஆளே ஒடிஞ்சுபோயிட்டாரு. கர்னலோட விதவை மிஸஸ் ஓக்ஷாட், நடுத்தெருவுல நிறுத்தி, "எங்க வாசலைத் தாண்டிப் போயிருக்கே மிஸ்டர் டில்காட், எங்களைத் தின்னா அதுக்குச் செரிக்காதோ?"ன்னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்ல? அவங்க வீட்டுக்கிட்ட வரும்போது அந்த வாரத்துக்குப் பக்கம் தீந்துபோச்சு!

வீட்டம்மாவா? ஹெஸ்டர் ஹேஸ்டிங்ஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. கடல் காத்துக்கு. கடைசிப் பகுதி அச்சாகி வந்த அன்னிக்கே கெளம்பிட்டா. அப்புறம் ஒரு கடுதாசி இல்ல... கடல் காத்து அப்பிடி. அவ இல்லாம நான் படற பாடு! என் கிறுக்கல் எனக்கே புரியாது சார். அவதான் வாராவாரம் ஒக்காந்து அழகா நகல் எடுத்துக் குடுப்பா. உலகம் எப்ப அழியும்னு எனக்குத் தெரியும், முட்டை எப்ப வேகும்னு தெரியாது.

தங்கமானவ. ஒரே ஒரு கிறுக்கு, குளிர்காலத்துல எரிக்கிற கரி! நகலைக் கையில குடுக்கறப்பல்லாம், "இந்த வாரமும் கரி நிலவறைப் பக்கம் யாரும் போகலியா?"ன்னு கேப்பா. இதென்னடா இது! "ஜூன் மாசத்துல எதுக்கும்மா கரி?"ன்னுட்டு நான் பேனாவை எடுத்துருவேன். ஊருக்குப் போறப்பகூட எங்க வீட்டு நிலவறைக் கதவை அப்பிடியே ஆன்னு தெறந்துபோட்டுட்டுப் போயிருக்கா. நான்தான் போய்ச் சாத்தினேன். தாழ்ப்பாள் வேற போட்டேன்.

என்ன கேட்டீங்க? கதாநாயகனோட மனைவியா? ஓ, உங்க வீட்டம்மா கேக்கச் சொன்னாங்களா! தொடர் முழுக்கப் படிச்சாங்களா? சந்தோஷம், ரொம்ப சந்தோஷம். கதாநாயகன் என்னை மாதிரிதான், கொஞ்சம் ஒசரம். அவன் மனைவி... நல்லா டீ போடுவா. ரெண்டாவது பகுதியில நத்தை தெருவுக்குள்ள வருதா, அவன் அவ கையைப் புடிச்சு கரி நிலவறையில எறக்கி, "இங்கயே இரு, இதோ வந்துடறேன்"னு வெளியில தாழ்ப்பாளைப் போட்டுட்டு... போட்டுட்டு லண்டனுக்கு ஓடறான். அங்கே ராணுவம். பீரங்கி. மந்திரிசபை. அப்புறம் உப்பு. நத்தைக்கு உப்புன்னு தோட்டக்காரன் எவனுக்கும் தெரியும், என் மந்திரிங்களுக்குத்தான் தெரிய இத்தனை வாரம் ஆச்சு. நத்தை சாகுது. ஊரெல்லாம் மணி அடிக்குது. முற்றும்.

அப்புறமா?

அப்புறம்... ஒண்ணுமில்ல சார். முற்றும்.

கடவுளே.

நத்தை சார்! புலியில்ல, நத்தை! நடந்தே திரும்பிப் போய் அவளைக் கூட்டிட்டு வந்திருக்கலாம். நடுவுல ஒக்காந்து ஒரு டீகூடக் குடிச்சிருக்கலாம்! ஹெஸ்டர் வாராவாரம் ஒவ்வொரு வரியா நகல் எழுதிக்கிட்டு, இந்தப் பக்கத்துல தெறப்பான், அடுத்த பக்கத்துல தெறப்பான்னு... நான் என்ன சொன்னேன்? ஜூன் மாசத்துல எதுக்கும்மா கரி!

தொடர் புத்தகமா வருது, திருத்தின அச்சுத்தாள் இன்னிக்கு சாயங்காலம் தபால்ல போயாகணும். இதோ, கையிலதான் வச்சிருக்கேன். இதுலயும் அவ உள்ளதான் இருக்கா... மிஸ்டர் பெண்டில், ஒண்ணே ஒண்ணு. ஹெஸ்டர் அந்தக் கதவைத் தெறந்துவச்சுட்டுப் போனாளே, அது நான் வந்து பாக்கணும்னு சொல்றதுக்கா, இல்ல அவ வெளியே வந்தாச்சுன்னு சொல்றதுக்கா? உங்க வீட்டம்மாகிட்ட கொஞ்சம் கேட்டு... மிஸ்டர் பெண்டில்? கத்தரி மட்டும் வேலி மேல இருக்கே... சார்?

அச்சுத்தாள் அன்றைய தபாலில் போகவில்லை. டில்காட் அதைக் கையில் வைத்துக்கொண்டே ஹேஸ்டிங்ஸ் ரயிலேறினார். புத்தகம் இலையுதிர்காலத்தில்தான் வெளிவந்தது. ஹெஸ்டரின் கையெழுத்தில் அச்சகத்துக்குப் போன புது அத்தியாயம் ஒன்று அதில் சேர்ந்திருந்தது. அதில் நிலவறையின் தாழ்ப்பாளைத் திறப்பது கதாநாயகன் அல்ல, முந்தின நாள் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி.