கறிபாப்பில் கிழங்கு

காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் வரிசை. ஜோகூர் பாரு குடிநுழைவுக் கூடத்தில் எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சட்டை போட்ட இரண்டு பெண்கள். உயரமானவள் சொன்னதைக் கேட்டதும் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“என் நாத்தனா வாயாலயே ‘கெழங்கு பிரமாதம்’னு சொல்ல வச்சிட்டேன்லா!”

“உனக்குத்தான் உருளக்கெழங்கே ஆகாதே?” என்றாள் மற்றவள்.

“கொஞ்சம் தின்னாலே வயிறு ஊதிக்கும். அவங்க நம்பணுமே! ‘எல்லாம் மனசுதான், ஒதுக்கி வச்சிட்டு சாப்பிடு’ன்னுவாங்க. கொழம்புல கரைஞ்சத எப்படி ஒதுக்குறது? அதான் இந்தத் தீபாவளிக்கு, கெழங்கு அடைச்சுப் பொரிக்கிற கறிபாப்ப நானே செஞ்சேன்.”

“கெழங்கு இல்லாமயா?”

“வாழக்கா. அவங்க மூணு தின்னுட்டு, ‘கெழங்கு பிரமாதம்! நீயும்தான் திங்கிற, ஒண்ணும் ஆகலயே’ன்னாங்க. குப்பக்கூடய எடுத்துட்டு வந்து எல்லார் முன்னாடியும் காட்டினேன். அத்தனையும் வாழக்காத் தோலு.”

“அலமாக்! அவங்க?”

“நாலாவது கையில இருந்துச்சு. கீழயும் வைக்க முடியல, வாயிலயும் வைக்க முடியல.”

வரிசை நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை, நானும்தான்.

“கடைசியில?”

“தின்னாங்க. வீட்டுக்கு வேற பத்து கறிபாப்ப தபாவ் பொட்டலமா கட்டிக்கிட்டுதான் போனாங்க.”