முன்சக்கர பிரேக்

காரின் பிரேக் பேடை மாற்ற மெக்கானிக் வேண்டாம். ஜாக்கி, ஸ்பேனர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இவ்வளவும் இருந்தால் போதும். டெல்லி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து எங்கள் காரை நானேதான் பார்த்துக்கொள்கிறேன். என் மனைவி ருக்மிணி ஓட்டுவாள். நான் ரிப்பேர் பார்ப்பேன். முப்பத்தொரு வருடத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் அவள் டீச்சர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கினாள். முசூரியில் ஒரு விடுதிப் பள்ளியில் வேலை கிடைத்திருப்பதாகவும், தனியாகப் போகப்போவதாகவும் சாதம் பரிமாறிக்கொண்டே சொன்னாள். லீவுக்கு வருவாயா என்று கேட்டேன்.

"திரும்பி வரதா இல்லை. உங்க மேல கோவம்னு ஒண்ணும் கிடையாது. எனக்கு இங்க இருக்க முடியலை, அவ்வளவுதான்."

கோபம் இருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். அதற்கு அவள் இடம் வைக்கவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, முன்சக்கரத்தில் கிறீச்சென்று சத்தம் வருகிறது, மலைப்பாதையை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். புது பேடுகள் வாங்கி வந்தேன். வாசலில் காரைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே பேட் தேய்ந்துபோய், இரும்புத் தகட்டின்மேல் அப்பளக் கனத்துக்குத்தான் மிச்சமிருந்தது. ருக்மிணி காபி கொண்டுவந்தாள். குனிந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். அவள் உள்ளே போனதும் பழைய பேடுகளையே துடைத்து மாட்டினேன்.

வழியில் சத்தம் கேட்டுப் பயந்து திரும்பிவிடுவாள் என்று நினைத்ததாக உங்கள் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருந்தேன். அது பொய். பேட் தேய்ந்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் உரசிச் சத்தம் எழுப்புவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகரம் உண்டு. இரண்டு சக்கரத்திலும் அதை வெட்டி எடுத்தேன். காலனியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். சத்தமே இல்லை.

"பிரேக்கை மாத்திட்டேளா?"

"மாத்திட்டேன். தைரியமா போ."

கிளம்பிய அன்று மாலையே போய்ச் சேர்ந்து, வண்டி நன்றாக ஓடியது என்று போன் பண்ணி நன்றி சொன்னாள். அதற்குப் பிறகு நான்கு நாள் தினமும் பேசினோம். கேஸ் சிலிண்டர் எப்படி புக் பண்ணுவது, ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்றெல்லாம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். பிரேக்கைப் பற்றி நான் சொல்லவில்லை. மறதி அல்ல. ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டு, இன்றைக்கும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்வேன். பிறகு கைகழுவிச் சாப்பிடுவேன்.

ஐந்தாம் நாள் முசூரியிலிருந்து டேராடூனுக்கு இறங்கும்போது ஒரு வளைவில் கார் நிற்கவில்லை. விபத்து என்று முடித்துவிட வேண்டாம். அவளைக் கொன்றது சேஷனாகிய நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். அவள் கடைக்குப் போய்க்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பையில் ஜன்னல் திரைக்கு அளவு குறித்த காகிதம் கிடைத்ததாம். டெல்லிக்கு வரவும் அதே ரோடுதானே. எங்கள் வீட்டு ஜன்னல்களும் ஏறக்குறைய அந்த அளவுதான்.