குங்கிலியம் பூசிய செட்டை

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். வாவியைக் கடக்கும் பாதைப் படகில், பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பேசியதைக் கேட்டேன். அவர்களில் ஒருவருடைய தகப்பனார், தோணி கட்டுபவர், தள்ளி ஓரமாக நின்றார்.

“எஞ்சின் இல்லாத பிளேனா? கதை விடாத மச்சான்.”

“சத்தியமா. எங்கட தம்பி தனியாக் கட்டினவன். கல்குடாக் கடற்கரையில ஜீப்பில கயிறு கட்டி இழுத்தா, பருந்து மாதிரிச் செட்டை விரிச்சு ஏறும். எத்தின தரம் பறந்தவன்! அதுக்குப் பிறகுதான் கொழும்புப் போட்டிக்குக் கொண்டு போனம். அங்க விழுந்திட்டு.”

“அங்க ஏன் விழுந்தது?”

“போறதுக்கு முதல் நாள் அப்பா செட்டைத் துணிக்குக் குங்கிலியம் பூசிட்டார். தோணிக்குப் பூசிற மாதிரி, நல்லாத் தடிப்பா. மழைத் தண்ணி ஊறாதாம். அந்தப் பாரத்தில ஏற ஏலாம மரத்தில அடிச்சிட்டு. தம்பியும் போயிட்டான்.”

“அவனுக்குப் பாரம் தெரியல்லியா?”

“தெரியும். அப்பாட மனம் நோகுமெண்டு பேசாம ஏறினவன்.”

“அப்பாக்கு?”

“அவருக்கு எப்படிச் சொல்லுற?”

முதியவர் மெல்ல அருகில் வந்தார்.

“தம்பிட கதையா மகன்? நான் அண்டைக்கு இன்னொரு பூச்சுப் பூசியிருக்கணும். ஈரம் இறங்கித்தான் செட்டை பழுதாப் போயிரிக்கும்.”

மகன் அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க பூசினதே காணும் அப்பா,” என்றார். “அண்டைக்குக் காத்துத்தான் சரியில்ல.”

1966 ஆவணி 14